பிரதிப்பெயர்ச் சனிக்கிழமைகள்

ஜேர்மனியின் ஹம் நகரில் என்னோடு வளர்ந்தவர்களே, லண்டன் காய்ச்சல் நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. முதல் நரைமுடியைக் கண்ட பிறகு இன்னும் கூடுதலாக இருக்கிறது. யூரோ வந்த புதிது. ஜேர்மன் பாஸ்போட் கைக்குக் கிடைத்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடக்கும். தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழுவின் ஒரு குரல் குறையும்.

"எங்கை அவையள்?"

"லண்டனுக்குப் போட்டினம்."

அவ்வளவுதான். செத்தவீட்டைப்போல இரண்டு நாள் அவர்களைப் பற்றிக் கதைப்போம். பிறகு அவர்களுடைய சோபாவை யார் எடுத்தது என்று கதைப்போம்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினாறு. கொண்டுவந்தவர் லண்டன் பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார். அப்பா ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு, பூசையில் நிற்பதுபோலக் கைகட்டி நின்று கேட்பார்.

"தம்பி, பிள்ளையளை அந்தப் பாசைக்குள்ளை பூட்டி வைக்காதை. இங்கிலீசு இருந்தா உலகமெல்லாம் கதவு திறக்கும். அங்கை என்ன இருக்கு? அந்தச் சின்ன நாட்டுக்குள்ளை மட்டும்தானே அந்தப் பாசை."

"ஓம் அண்ணை. ஓம் அண்ணை."

அப்பாவுக்குக் கம்பித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஊரில் உயர்தரம் படிக்கும்போது சண்டை வந்து படிப்பு நின்றுபோனவர். ஜேர்மன் மொழியை இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் கற்றதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். பேக்கரியில் பாண் கேட்டாலும் தீப்பற்றியதைப்போல ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆங்கிலம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. வாய்க்காத பொருளின் மேல்தானே மனிதருக்கு மரியாதை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆங்கிலப் பாடம் இருந்தது. அக்கா அதில் நல்ல புள்ளி எடுப்பவள். அப்பா அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "அது ஜேர்மன்காரன் படிப்பிக்கிற இங்கிலீசு. கதைப்பாங்கள், கிரமர் இல்லை" என்று தள்ளிவிட்டார். அப்படித்தான் டீச்சர் வந்தார்.

ஆசியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் இடத்தில் அம்மாவுக்கு அறிமுகமானவர் அவர். கோயம்புத்தூர்க்காரர். கணவர் டோர்ட்முண்டில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஊரில் கொன்வென்ட் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், இங்கே வந்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கொன்வென்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா அடுத்த கேள்வி கேட்கவில்லை. தவக்காலம் தொடங்கிய வாரத்திலிருந்து, ஒவ்வொரு சனிக்கிழமை பிற்பகலும் டீச்சர் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

டீச்சர் மீன், இறைச்சி தொடாத மரக்கறிக்காரர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. வாசலில் நின்றபடி மூக்கைச் சுருக்கி, உடனே அதை மறைக்கச் சிரித்தார். அன்றிலிருந்து அம்மா சனிக்கிழமைகளில் மீன் வாசம் போகவேண்டுமென்று காலையிலிருந்தே எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுவார். மார்ச் மாதம்! வரவேற்பறை ஐஸ்பெட்டிபோலக் கிடக்கும். நாங்கள் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் படித்தோம். ஆங்கில இலக்கணம் என்றால் இன்றைக்கும் எனக்கு விரல்நுனி விறைக்கும். அதோடு புதிதாகச் சுட்ட உழுந்துவடையின் வாசம், மார்க்கர் பேனையின் கூரான மணம்.

கரும்பலகைக்கு அப்பா வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒட்டி மிஞ்சிய சுவர்க்கடதாசிச் சுருளைத் திருப்பி, பெரிய சுவரலமாரியின் கதவுகளுக்குக் குறுக்காக ஒட்டினார். முன்பக்கம் பழுப்புப் பூக்கள், பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் டீச்சர் பச்சை மார்க்கரால் எழுதினார்: பிரதிப்பெயர்கள், எட்டு வகை. ஆளைக் குறிப்பது, உடைமையைச் சொல்வது, தன்னையே திருப்பிக் காட்டுவது, சுட்டிக் காட்டுவது, கேள்வி கேட்பது, இரண்டு வசனங்களைக் கொழுவுவது, யாரென்று தெரியாமல் பொதுவாகச் சொல்வது, ஒருவரையொருவர் என்பது. அந்தச் சுருள் பின்னர் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏதாவதொரு வீடுமாறலில் பூக்கள் பக்கமாகச் சுற்றி எறியப்பட்டிருக்கும்.

"பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னா போரடிக்கும் இல்லீங்களா? அதுக்குத்தான் புரோனவுன்" என்றார் டீச்சர். "ரவி வந்தான், ரவி சாப்பிட்டான், ரவி ரவியோட பேகை எடுத்தான்னா கேக்கறவங்க ஓடிருவாங்க. அதனால ரவியை ஒருவாட்டி சொல்லிட்டு, அப்புறம் ஹி, ஹிம், ஹிஸ். ஓகேவா கண்ணு?"

"விளங்கினது டீச்சர்!" நான்தான் கத்துவேன். அந்த வயதிலேயே நான் முந்திரிக்கொட்டை. கேள்வி முடியுமுன் கை கூரையைத் தொடும். எனக்கு அந்த எட்டு வகையும் எட்டு இழுப்பறைகள்போலத் தெரிந்தன. எந்தச் சொல் எதற்குள் போகும் என்று அடுக்கிக்கொண்டே இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸிலும் அடுக்குவேன். பக்கத்தில் இருந்த கிழவியின் குடை ஹேர்ஸ், என் கையுறை மைன், சாரதியின் மீசை ஹிஸ்.

டீச்சருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டில் யாரும் யாருடைய பெயரையும், முறையையும் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் பிரதிப்பெயர்தான். நான் அப்பாவைக் காட்டி 'ஹி' என்றதும் வடைத்தட்டோடு வந்த அம்மா நின்றுவிட்டார்.

"என்னடி இது? அப்பாவை அவன் எண்டு சொல்லுறதோ?"

"அம்மா, இங்கிலீஷ்ல 'அவர்' இல்லீங்க. எல்லாருக்கும் ஹிதான்" என்றார் டீச்சர்.

"பாதர் வந்தாலும்?"

"போப்பே வந்தாலும் ஹிதாங்க."

அப்பாவுக்கு ஒரே புளகம். "பாத்தீரோ! ராசாவுக்கும் ஹி, தெருக்கூட்டுறவனுக்கும் ஹி. அதுதான் அந்தப் பாசையின்ரை பெருமை. இஞ்சாரும், என்னை நீரும் ஒருக்கா ஹி எண்டு சொல்லும் பாப்பம்."

"எனக்கு ஏலாது. நான் வடை சுடப் போறன்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அக்கா சிரித்த கடைசிச் சனிக்கிழமைகளில் அது ஒன்று.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும்போல ஏதாவதொரு வேலையிடத்தில் சில வாரம் பழகிப் பார்க்க அனுப்பியபோது, கடைத்தெருவில் இருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கேயே மனதை விட்டுவிட்டு வந்தாள். பழகும் காலம் முடிந்த பிறகும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவாள். வரும்போது அவளுடைய கையில் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் மணம் இருக்கும். இரவுப் படுக்கையில் கதை கதையாகச் சொல்வாள். கண்ணாடிக் காலைச் சூடாக்கி, காதுக்குப் பின்னால் எந்த இடத்தில் வளைக்கவேண்டும். ஒரே ஆளின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. முதல்தடவை சரியான கண்ணாடி போட்ட சின்னப்பிள்ளை வெளியே போய் மரத்தைப் பார்த்து, அதில் தனித்தனி இலை இருக்கிறதென்று கத்தியது. கடை முதலாளி அம்மா அந்தத் தொழிலில் மைஸ்டர் என்ற உயர் தொழிற்பட்டம் பெற்றவர். நரைத்த கட்டைமுடி, சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடி. "உன் கைக்கு அவசரமில்லை" என்று அக்காவிடம் சொன்னாராம். அக்கா அந்த வசனத்தை ஜேர்மனில் அப்படியே திருப்பித் திருப்பிச் சொல்வாள்.

அந்த அம்மா அக்காவுக்கு அவுஸ்பில்டுங் தர முன்வந்தார். மூன்று வருடம் வேலையோடு படிப்பு, முடிவில் தொழிற்பட்டம். வருடத்துக்கு ஒரு ஆளைத்தான் எடுப்பார். அக்காவுக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பா, அம்மா வந்து கையெழுத்திடவேண்டும். ஈஸ்டருக்கு முதல் பதில் வேண்டும்.

குசினிக்குள் நடந்த கதை இது. நான் மேசைக்குக் கீழே சப்பாத்து நாடா கட்டுவதுபோல இருந்து கேட்டேன்.

"கடையில விடுறதோ? படிக்கிற பிள்ளையை?" என்றார் அப்பா.

"கடை இல்லை அப்பா. அவுஸ்பில்டுங். படிப்புத்தான். பரீட்சை இருக்கு, தொழிற்பள்ளிக்கூடம் இருக்கு."

"கடைதானே பிள்ளை. கதவைத் திறந்தா மணி அடிக்கும், நீ குட்டன் டாக் எண்டுவாய். அதுக்கோ நான் இஞ்ச வந்தனான்? பெரியப்பான்ரை மூத்தவள் யூனிவர்சிட்டியில."

"எனக்கு அந்த வேலை விருப்பம் அப்பா."

அம்மா அரிசியைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார்.

அப்பா கெட்டவர் அல்ல, இதை அழுத்திச் சொல்கிறேன். நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைப்பவர். அந்த நியாயத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் கதை. கடைசியில் சொன்னார்: "சரி. நான் சொல்லேல்லை, நீயும் சொல்லவேண்டாம். டீச்சர் சொல்லட்டும். வாற சனிக்கிழமை உன்னைச் சோதிக்கச் சொல்லுறன். உனக்கு இங்கிலீசு வரும் எண்டு அவ சொன்னா லண்டன். வராதெண்டு சொன்னா நான் வந்து கையெழுத்து வைக்கிறன். மாதா சத்தியம்."

பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "இது வீட்டுக்கதை. அவவுக்கு ஒண்டும் சொல்லக்கூடாது" என்றார்.

உங்கள் வீடுகளிலும் இதே சட்டம்தானே? வீட்டுக்கதை வெளியே போகக்கூடாது. பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது எல்லோரும் எல்லாவற்றையும் கதைப்போம். வீட்டில் யார் எதற்காக அழுகிறார்கள் என்பதை மட்டும் கதைக்கமாட்டோம். டீச்சர் அந்த வாரம் வந்தபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம், தகப்பன் மகளுடைய ஆங்கிலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பது மட்டும்தான்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். எனக்கு வசனம் கொழுவும் பிரதிப்பெயர்கள் குழம்பியபோது தீர்த்துவைத்தவள் அவள்தான். வகுப்புக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை எங்கள் அறையில் வைத்துச் சொன்னாள்: "கடைக்கு வாற ஆள் ஹூ. அவர் கொண்டு வாற உடைஞ்ச பிரேம் விச். ஆளையும் சாமானையும் மாத்திப் போடாதை, அவ்வளவுதான்." கைப்பையை வைப்பதற்கு வந்த டீச்சர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அட, இதை நானே இவ்ளோ ஈசியா சொன்னதில்லையே கண்ணு" என்றார். அக்கா கூச்சத்தில் போர்வையை மடித்தாள்.

சோதனை நாளன்று அப்பா நல்ல சேட்டுப் போட்டு, தனிச் சோபாவில் உட்கார்ந்தார். டீச்சர் மேசையில் சாமான்களைப் பரப்பினார்: இரண்டு கோப்பை (ஒன்று கைபிடி உடைந்தது), மேசைவிளக்கு, அம்மாவின் சால்வை, என் கையுறை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேட்டார்.

அக்கா பிழை விட்டாள். எப்படிப்பட்ட பிழைகள்! விளக்கைக் காட்டினால் ஷி என்றாள். ஜன்னலுக்குக் கீழே சைக்கிளில் போன பெண்ணை இட் என்றாள். ஜேர்மனில் விளக்கு பெண்பால், பெண்பிள்ளை என்ற சொல்லோ அஃறிணைபோல. ஜேர்மனில் நினைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிற பிள்ளை எங்கெங்கே விழுமோ, அங்கங்கே பார்த்துப் பார்த்து விழுந்தாள். மைன் வரவேண்டிய இடத்தில் மீ. உடைந்த கோப்பைக்கு ஹூ, கோப்பையை உடைத்த ஆளுக்கு விச். முகத்தில் ஒரு அசைவில்லை. எனக்குக் கை துடித்தது. அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் கையுறையைக் கீழே வைத்தார். அக்காவை நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா நெற்றியைச் சுருக்கி, முன்னே குனிந்து இருந்தார்.

"சொல்லுங்கோ டீச்சர். மறைக்காமச் சொல்லுங்கோ. இவளுக்கு வருமோ, வராதோ?"

டீச்சருக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். கணக்குப் பார்த்தால், இன்றைய என்னைவிட அன்றைய அவர் இளையவர். அவர் பார்த்ததென்ன? எல்லாம் தெரிந்த ஒரு பிள்ளை, தகப்பன் முன்னால் பயத்தில் குழறுகிறாள். அப்படித்தான் அவர் நினைத்திருப்பார். கொன்வென்ட்டில் எத்தனை பிள்ளைகளை இப்படிப் பார்த்திருப்பார். அந்த நேரத்தில் ஒரு நல்ல டீச்சர் என்ன செய்வாரோ, அதைச் செய்தார். பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஐயோ, வராதுன்னு யாருங்க சொன்னா? நல்லா வரும். இன்னிக்கு கொஞ்சம் நர்வஸ், அவ்ளோதான். டெய்லி உக்காந்து பண்ணுனா, மூணே மாசத்துல பாருங்க, பிரமாதமா பேசுவா. திட்டிராதீங்க, ப்ளீஸ்."

"ஏன் திட்டுறன்?" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளோ, பள்ளிக்கூடத்தில நல்ல புள்ளி எடுத்தவள். இதுதான் இவங்கடை இங்கிலீசு! நான் சொன்னது சரிதானே? இன்னும் இஞ்ச வைச்சிருந்தா முழுக்கப் பழுதாப் போடும்."

டீச்சர் அக்காவின் தலையைத் தடவினார். அக்கா நிமிரவில்லை.

அன்று படுக்கையில் போர்வைக்குள்ளிருந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் எவ்வளவு வடிவாப் பிழை விட்டன். அவ அதையும் திருத்திப் போட்டா."

"அவவிட்டைச் சொல்லு அக்கா. அடுத்த கிழமை வருவாதானே."

"என்னெண்டு சொல்ல? என்ரை அப்பா இப்படி எண்டோ?"

அதற்குப் பிறகு கடைக்குப் போவது நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் இலக்கணம். முதலாளி அம்மா ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். அம்மாதான் எடுத்தார். "யா, யா. ஷ்பேட்டர். டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு பார்க்கலாம், நன்றி. அம்மாவுக்கு அப்பாவை மீறிக் கையெழுத்துப் போட எண்ணம் இருந்ததா என்று பெரியவளான பிறகு ஒருமுறை கேட்டேன். "இருந்தது. ஆனா ரெண்டு பேரின்ரை கையெழுத்தும் வேணுமெண்டு கேட்டவை" என்றார். பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை நடந்தோம். அக்கா எனக்கு முன்னால் நடந்தாள், ஒவ்வொரு தலத்திலும் எல்லோரையும்போல முழந்தாளிட்டாள். ஈஸ்டர் வந்து போனது.

அடுத்த ஞாயிறு பெரியப்பா தொலைபேசியில் வந்தார். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் இறங்கி ஒலித்தது.

"தம்பி, ஒரு விசயம். நாங்கள் வீட்டை விக்கிறம். பிள்ளையள் கனடாதான் நல்லம் எண்டுதுகள். இஞ்சத்தை நிலைமை முந்தி மாதிரி இல்லை. நீ இப்ப வராதை. அங்கை இருக்கிறது பிழையில்லை, என்ன?"

அப்பா கைகட்டி நின்றபடியே, "ஓம் அண்ணை" என்றார்.

செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்கு லீவு சொல்லி, கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டார். அம்மா, அக்கா, நான், எல்லோருமாகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். கதவைத் திறந்ததும் உண்மையாகவே மணி அடித்தது. வரிசை வரிசையாகச் சட்டங்கள்; நாங்கள் நாலு பேரும் சின்னச் சின்னக் கண்ணாடிகளில் நூறு பேராகத் தெரிந்தோம். அப்பா தன் தொழிற்சாலைக் குரலில், கையெழுத்திட வந்திருக்கிறோம் என்று கத்தினார். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி அம்மா வெளியே வந்து முதலில் அக்காவின் கையைப் பிடித்தார். காத்திருந்ததாகவும், பதில் வராததால் கடந்த வாரம் வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த வருடம்? என்று அப்பா கேட்டார். அடுத்த வருடம் அவர் கடையைக் கைமாற்றிவிட்டு ஓய்வுக்குப் போகிறார். புதியவர் ஆள் எடுப்பாரோ, தெரியாது. அப்பா குனிந்து குனிந்து நன்றி சொன்னார். அக்கா மேசையில் கிடந்த, யாரோ போட்டுப்பார்த்து விட்டுப்போன ஒரு கண்ணாடியை எடுத்து, கால்களை மடித்து, அதன் இடத்தில் வைத்தாள்.

வெளியே வந்து அப்பா சொன்னார்: "ஒரு கடைதானோ இருக்கு? வேறை எத்தினை கடை."

இருந்தன. எல்லா இடத்திலும் அந்த வருடத்துக்கான ஆளை எடுத்து முடித்திருந்தார்கள். அக்கா அடுத்த வருடமும் விண்ணப்பித்தாள், அதற்கடுத்த வருடம் விண்ணப்பிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள், இன்றும் அங்கேதான். நான் படித்தேன், ஊர் மாறினேன், வேலை மாறினேன், ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்கிறேன். அவள் ஒரு நாளும் யாரையும் குறை சொன்னதில்லை. வாய்விட்டு ஒருமுறை திட்டியிருந்தால் எனக்கு இதை எழுதவேண்டி இருந்திருக்காது. யாரைத் திட்டுவது என்பதுதான் சிக்கல். அப்பா தன் வாக்கைக் காப்பாற்றினார். டீச்சர் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார். பெரியப்பா தன் பிள்ளைகளைப் பார்த்தார். தனித்தனியாக எடுத்தால் எல்லோரும் நல்லவர்கள்.

கடைக்குப் போய்வந்த வாரத்துச் சனிக்கிழமையும் டீச்சர் வந்தார். அப்பா வகுப்பை நிறுத்தவில்லை. இங்கிலீசு எங்கேயும் உதவும் என்றார். ஜன்னல்கள் திறந்துதான் கிடந்தன, ஆனால் வெளியே வெயில் வந்துவிட்டது, கோட்டு வேண்டியிருக்கவில்லை. டீச்சர் வழமைபோல என்னிடம் தொடங்க வாயெடுத்தார்.

"என்னைக் கேளுங்கோ" என்றாள் அக்கா.

டீச்சர் கேட்டார். அக்கா சொன்னாள். ஹூ இருந்த இடத்தில் ஹூ, விச் இருந்த இடத்தில் விச். மைன், யோர்ஸ், அவேர்ஸ். எட்டு வகையையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம், அதுவும் டீச்சர் தந்தவை அல்ல, தானாகச் செய்தவை. குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவர்களைப்போல வாசித்துக்கொண்டே போனாள். எனக்குக் கை உயர்த்தத் தோன்றவில்லை.

அப்பா கைதட்டினார். உண்மையான சந்தோசம், அந்த வாரம் முழுவதும் குனிந்திருந்த முகம் நிமிர்ந்தது.

"டீச்சர், உங்களாலைதான்! உங்களுக்கு இப்ப சொல்லலாம். அண்டைக்கு நீங்கள் வராது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, நான் இவளைக் கண்ணாடிக்கடை அவுஸ்பில்டுங்குக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்திருப்பன். வாக்குக் குடுத்திட்டன் கண்டியளோ. இவளும் அந்தக் கடைதான் வேணும் எண்டு நிண்டவள். நல்லகாலம், நீங்கள் காப்பாத்திப் போட்டியள்."

செவ்வாய்க்கிழமை அதே கடைக்குப் போய்த் திரும்பியதை அப்பா சொல்லவில்லை. அம்மா குசினி வாசலில் நின்றார். டீச்சர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். அவர் அக்காவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் பின்னும் யாரிடமும் கண்டதில்லை. பச்சை மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடியும் மூடினார்.

"அடுத்ததைக் கேளுங்கோ டீச்சர்" என்றாள் அக்கா. "நான் சொல்லுறன்."